பெயர் சொல்லப்படாத நடிகை: புளோரன்ஸ் லோரன்ஸ்

இன்று ஒரு திரைப்படத்தைப் பார்க்கச் செல்பவர் கதை தொடங்குவதற்கு முன்னரே பெயர்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சுவரொட்டியில் பெயர், பத்திரிகை விளம்பரத்தில் பெயர், திரையில் பெயர். படம் முடிந்து மக்கள் எழுந்து செல்லும்போதும் உதவி ஒளிப்பதிவாளர், ஒப்பனையாளர், வாகனச் சாரதி என்று பெயர்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் சினிமா பிறந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வரையில் அமெரிக்கப் படங்களில் நடித்தவர்களின் பெயர்கள் பொதுவாக எங்குமே அறிவிக்கப்படவில்லை. அவர்களின் முகங்களை ஊரெல்லாம் அறிந்திருந்தது. பெயர்களை அறிந்திருந்தவர்களோ படப்பிடிப்புக் கூடத்தில் அவர்களோடு பணியாற்றியவர்கள் மாத்திரமே.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த நிலை புதியதன்று. 'நமது நிருபர்' என்ற இரு சொற்களுக்குள் எத்தனையோ பேருடைய உழைப்பு மறைந்திருந்த காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவன் நான். ஆகவேதான் பெயரில்லாமல் உழைத்து, பின்னர் பெரும் பெயர் பெற்று, ஈற்றில் பெயர் பொறிக்கப்படாத புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்ட புளோரன்ஸ் லோரன்ஸ் என்ற நடிகையின் வரலாறு என் மனதை விட்டு அகலாதிருக்கிறது. அமெரிக்க மௌனப்படங்களின் தொடக்ககாலத்தில் அவர் ஒரு நடிகை மாத்திரமல்லர். நடிகருக்குப் பெயர் உண்டு என்பதைப் படத் தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்ள நேர்ந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர்.

மேடையில் வளர்ந்த குழந்தை

புளோரன்ஸ் 1886ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஹமில்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புளோரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வூட். தந்தை குதிரை வண்டிகள் செய்பவர். தாயார் ஷார்லொட், 'லொட்டா லோரன்ஸ்' என்ற மேடைப் பெயருடன் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திவந்த ஒரு குழுவின் தலைவி. தாயின் மேடைப் பெயரே மகளுக்கும் குடும்பப் பெயராயிற்று. நடை பயிலும் பருவத்திலேயே மேடை ஏறிய அச்சிறுமி 'பேபி புளோ' என்று அழைக்கப்பட்டாள். இனிமையாகச் சீட்டியடிப்பது அவளுடைய தனித்திறமையாக விளம்பரப்படுத்தப்பட்டது.

1898இல் தந்தை இறந்தார். தாயும் பிள்ளைகளும் அமெரிக்காவின் பபலோ நகரில் குடியேறினர். சில ஆண்டுகளின் பின்னர் நாடகக் குழு கலைந்தது. தாயும் மகளும் நியூயோர்க் நகருக்கு வந்து மேடை வாய்ப்புத் தேடி அலைந்தனர். அந்த நேரத்தில் அந்நகரில் இன்னொரு தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஐந்து சதம் கொடுத்தால் நுழையக்கூடிய சிறிய படக்கொட்டகைகள் 1905ஆம் ஆண்டின் பின்னர் தெருவுக்குத் தெரு தோன்றின. அங்கு படங்கள் அடிக்கடி மாறவேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தமையால் படத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். மேடை நடிகர்கள் பலர் இதனைத் தரக்குறைவான வேலையாகக் கருதினர். வேறு வழியில்லாதபோதே அந்தப் படிகளில் ஏறினர்.

எடிசன் நிறுவனம் தயாரித்த 'டானியல் பூன்' என்ற படத்தில் புளோரன்ஸ் நடித்தார். படம் 1907இல் வெளிவந்தது. கதாநாயகனின் மகள் வேடம். அவருக்குக் குதிரைச் சவாரி தெரிந்திருந்தமை இந்த வாய்ப்பைப் பெற்றுக்கொடுத்தது. தாயாருக்கும் அதே படத்தில் வேலை கிடைத்தது. கடுங்குளிரில் வெட்டவெளியில் படப்பிடிப்பு. ஒருநாள் கூலி ஐந்து டொலர். அதனைத் தொடர்ந்து அவர் வைட்டாகிராப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு வாரச் சம்பளம் இருபது டொலர். நடிப்பதோடு ஆடை தைக்கும் வேலையையும் செய்தார் என்று கூறப்படுவதுண்டு. இன்று 'நட்சத்திரம்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் பொருளுக்கும் அன்றைய நிலைக்கும் உள்ள தூரத்தை இதிலிருந்து உணர்ந்துகொள்ளலாம்.

'பயோகிராப் பெண்'

1908ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்தது. நியூயோர்க், கிழக்குப் பதினான்காம் தெருவில் 11ஆம் இலக்க வீட்டில் பயோகிராப் நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம் இயங்கியது. டி.டபிள்யூ. கிரிபித் என்பவர் அவ்வாண்டிலேதான் அங்கு இயக்குநராகப் பணியைத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் அமெரிக்க சினிமாவின் முன்னோடி என்று போற்றப்பட்டவரும், கறுப்பின மக்களை இழிவுபடுத்திய 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்துக்காகக் கண்டிக்கப்பட்டவரும் இவரே. கிரிபித்துக்கு ஒரு கதாநாயகி தேவைப்பட்டார். பயோகிராப் நடிகர் ஹரி சோல்டர் வாயிலாகப் புளோரன்ஸ் அங்கு சென்றார். வாரச் சம்பளம் இருபத்தைந்து டொலர். அதே ஆண்டில் சோல்டரும் அவரும் திருமணம் செய்துகொண்டனர்.

அவ்வாண்டு கிரிபித் இயக்கிய ஏறத்தாழ அறுபது படங்களுள் பெரும்பாலானவற்றில் புளோரன்ஸ் தோன்றினார். ஒவ்வொன்றும் ஒரு சுருள், அல்லது அதிலும் குறைவு. ஓடும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேற்படாது. சேக்ஸ்பியரின் 'அடங்காப் பிடாரியை அடக்குதல்' நாடகத்தின் கத்தரினா, டோல்ஸ்டோயின் 'புத்துயிர்ப்பு' நாவலின் கத்யூஷா முதலிய பாத்திரங்களை அவர் ஏற்றார். ஜோன்ஸ் என்ற கணவன், மனைவி இருவரின் வீட்டுச் சச்சரவுகளைச் சொல்லும் நகைச்சுவைப் படவரிசையில் திருமதி ஜோன்ஸாக நடித்து மக்களைச் சிரிக்க வைத்தார். ஒரு வாரம் துயரத்தில் வாடும் பெண், மறுவாரம் கணவனை ஆட்டிப்படைக்கும் மனைவி. முகத்தையும் உடலையும் மாத்திரம் கொண்டு இவ்வளவையும் செய்யவேண்டியிருந்தது. திரையில் உரையாடலுக்கு இடமில்லை; இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகளும் மிகச் சிலவே.

படம் பார்த்தவர்கள் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டனர். பெயர் தெரியாதமையால் அவர்களே ஒரு பெயரைச் சூட்டினர்: 'பயோகிராப் பெண்'. நிறுவனத்துக்குக் கடிதங்கள் வரத்தொடங்கின. அவர் யார், பெயர் என்ன, திருமணமானவரா என்றெல்லாம் கேள்விகள். நிறுவனம் பெயரை வெளியிடவில்லை. தன்னுடைய நடிகர்களின் பெயர்களை அறிவிப்பதில்லை என்ற கொள்கையை அது 1913 வரையில் கைவிடவில்லை. 'பயோகிராப் பெண்' என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கின்றது. அது அப்பெண்ணின் பெயரன்று, முதலாளியின் பெயர்.

பெயரை மறைத்ததற்குக் காரணங்கள் என்ன? பெயர் வெளிவந்தால் நடிகர் கூடுதலான சம்பளம் கேட்பார் என்ற அச்சமே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதனோடு வேறு இரண்டு காரணங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மேடையில் பெயர் பெற்றிருந்த சிலர் தாம் படத்தில் நடிப்பது வெளியில் தெரியவேண்டாம் என்று தாமே விரும்பினர். மேலும், அக்காலத்தில் படம் என்பது அடிக்கணக்கில் விற்கப்பட்ட ஒரு சரக்கு. வாங்கியவர்கள் நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்தே வாங்கினர். சவர்க்காரக் கட்டியைச் செய்த தொழிலாளியின் பெயரை எவரும் கேட்பதில்லை அல்லவா?

முதலாளிமாரின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1909இல் பயோகிராப் நிறுவனத்தில் நாட்கூலிக்குச் சேர்ந்த மேரி பிக்போர்ட், 1916இல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி வாரத்துக்குப் பத்தாயிரம் டொலரும் இலாபத்தில் பங்கும் பெற்றார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் மாறியது நடிப்பின் தரம் மட்டுமன்று. மக்கள் பெயரைச் சொல்லிப் படம் பார்க்கத் தொடங்கியிருந்தனர்.

ஒரு பொய்ச்செய்தியின் பயன்

1909இல் புளோரன்ஸும் சோல்டரும் இன்னும் நல்ல வருமானம் தேடி எஸனே என்ற நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். எஸனே நிறுவனமோ அக்கடிதத்தைப் பற்றிப் பயோகிராப் நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டது. இரு நிறுவனங்களும் 1908 டிசம்பரில் எடிசனின் தலைமையில் அமைக்கப்பட்ட காப்புரிமைக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். படக்கருவிகளின் காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் படத்தொழில் முழுவதையும் கட்டுப்படுத்த முயன்ற அமைப்பு அது. புளோரன்ஸும் கணவரும் உடனே வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். கூட்டமைப்பின் வேறெந்த நிறுவனத்திலும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

அவர்களை அழைத்தவர் கார்ல் லெம்லி. ஜெர்மனியிலிருந்து குடியேறி, படக்கொட்டகை நடத்தி, படங்களை வாடகைக்கு விடும் தொழிலில் வளர்ந்தவர். கூட்டமைப்புக்குப் பணிய மறுத்து, 1909இல் 'ஐ.எம்.பி.' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சுதந்திரப் படநிறுவனத்தைத் தொடங்கியவர். கூட்டமைப்பு அவர்மீது வழக்குக்கு மேல் வழக்காகத் தொடுத்தது. மறுபக்கத்தில் மக்கள் அறிந்த முகம் ஒன்று வேலையின்றி நிற்பதைக் கண்ட லெம்லி, அந்த முகத்துக்குரிய பெயரை வெளியிடத் துணிந்தார்.

அவர் கையாண்ட முறை பத்திரிகையாளர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. 1910இன் தொடக்கத்தில், நியூயோர்க்கில் ட்ராம் வண்டி மோதிப் புளோரன்ஸ் லோரன்ஸ் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியது. மார்ச் மாதத்தில் 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' என்ற தொழில்சார் இதழில் லெம்லியின் நிறுவனம் ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. இது எதிரிகள் பரப்பிய பொய், புளோரன்ஸ் உயிரோடிருக்கிறார், எமது நிறுவனத்தில்தான் நடிக்கிறார் என்று அது அறிவித்தது. அந்த வதந்தியைப் பரப்பியவரே லெம்லிதான் என்பது வரலாற்றாசிரியர்களிடையே பரவலான கருத்து. பொய்யைத் தாமே உருவாக்கி, அதனைத் தாமே மறுத்து, மறுப்பின் மூலம் விளம்பரம் தேடிக்கொள்ளும் உத்தி இன்றைக்கும் செல்லுபடியாகிறது. செய்தி ஆசிரியர்கள் பலர் இன்றும் அதில் சிக்கிக்கொள்கின்றனர்.

அதே மாதம் 25ஆம் திகதி நடிகர் கிங் பகொட்டுடன் அவர் சென்ற் லூயிஸ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இறந்ததாகச் சொல்லப்பட்டவரைக் காண மக்கள் முண்டியடித்தனர். அவருடைய மேலங்கியின் பொத்தான்கள்கூட நினைவுப்பொருளாகப் பிய்த்தெடுக்கப்பட்டன என்று கூறப்படுகிறது. திரையில் மட்டும் கண்ட ஒருவரை நேரில் காண்பதற்காக ஒரு நகரம் திரண்டமை அன்று புதிய செய்தி.

'உலகின் முதலாவது திரை நட்சத்திரம்' என்ற பட்டம் இதன் பின்னரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. வரலாறு என்ற வகையில் இதனைச் சற்று அவதானத்துடன் ஏற்கவேண்டும். கூட்டமைப்பைச் சேர்ந்த கேலம் நிறுவனமும் 1910இன் தொடக்கத்திலேயே தன் நடிகர்களின் பெயர்களை வெளியிட்டது. 'வைட்டாகிராப் பெண்' எனப்பட்ட புளோரன்ஸ் டேர்னரும் அதே ஆண்டில் மக்கள் முன் தோன்றினார். பிரான்சில் மக்ஸ் லிண்டரும் டென்மார்க்கில் அஸ்ரா நீல்சனும் அதே காலப்பகுதியில் பெயர் பெற்றனர். மக்களின் கேள்வி எல்லா இடங்களிலும் எழுந்திருந்தது. லோரன்ஸ் அதற்குக் கிடைத்த முதற் பதில்களுள் ஒன்று, அமெரிக்காவில் மிகவும் உரத்துச் சொல்லப்பட்ட பதில்.

உயர்வும் வீழ்ச்சியும்

1911இல் அவர் பிலடெல்பியாவின் லூபின் நிறுவனத்துக்கு மாறி, ஆதர் ஜோன்சனுடன் இணைந்து ஏராளமான படங்களில் நடித்தார். 1912இல் லெம்லியின் ஆதரவுடன் 'விக்டர்' என்ற படநிறுவனம் அவருக்கென்றே அமைக்கப்பட்டது. நியூஜேர்சியின் போர்ட் லீ நகரில் படப்பிடிப்புக் கூடம். அவருக்கு வாரத்துக்கு 500 டொலர், இயக்குநரான சோல்டருக்கு 200 டொலர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்து டொலர் நாட்கூலிக்குக் குளிரில் நின்ற பெண் இப்போது ஐம்பது ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரி. அங்கு ரோசாத் தோட்டம் அமைத்தார்.

மோட்டார் வாகனத்திலும் அவருக்குத் தணியாத ஆர்வம். பெண்கள் வாகனம் ஓட்டுவது அரிதாக இருந்த காலத்தில் தாமே ஓட்டினார். திரும்பும் திசையைப் பின்னால் வருபவருக்குக் காட்டும் ஒரு சமிக்ஞைக் கரத்தையும், தடையை அழுத்தும்போது பின்புறத்தில் 'நில்' என்ற பலகை எழும் ஏற்பாட்டையும் 1914ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தாயார் ஷார்லொட் 1917இல் வாகனத்தின் முன்கண்ணாடியைத் துடைக்கும் மின்கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மகளோ தமது கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறவில்லை. வேறு பலரும் பின்னர் இத்தகைய கருவிகளை மேம்படுத்தினர். அவற்றால் அவருக்கு வருமானமும் இல்லை, பெயரும் இல்லை.

1914இல் 'விதியின் பகடைகள்' என்ற பொருள்படும் படத்தின் படப்பிடிப்பில் தீ விபத்துக் காட்சியொன்று கட்டுமீறியது. அவர் தீக்காயங்களுக்கு உள்ளானதுடன் கீழே விழுந்து படுகாயமும் அடைந்தார். உடலும் மனமும் தளர்ந்தன. 1916இல் மீண்டும் நடிக்க வந்தபோது உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. சோல்டருடனான மணவாழ்வும் முறிந்திருந்தது. 1922இல் வெளிவந்த படமொன்றின் மூலம் ஹொலிவூட்டில் மீண்டும் தலைகாட்ட முயன்றார். அதற்குள் ஒரு சுருள் படங்களின் காலம் முடிந்து நீண்ட படங்களின் காலம் வந்துவிட்டது. பிக்போர்ட், சப்ளின் போன்றோரின் பெயர்கள் உலகெங்கும் ஒலித்தன. பெயர் என்ற கதவு திறந்தபோது உள்ளே சென்றவர்கள் பலர், திறந்த நேரத்தில் வாசலில் நின்றவரை நினைத்தவர் சிலரே.

இரண்டாவது கணவருடன் சேர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸில் ஒப்பனைப் பொருட்கள் விற்கும் கடை நடத்தினார். 1929இல் தாயார் காலமானார். அவ்வாண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்த பொருளாதார மந்தம் அவரது சேமிப்பையும் கரைத்தது. இரண்டாவது திருமணமும் பின்னர் மூன்றாவது திருமணமும் நிலைக்கவில்லை. 1936இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் பழைய நடிகர் சிலருக்குச் சிறு வேடங்களை வழங்க முன்வந்தபோது அவர்களுள் அவரும் ஒருவரானார். வாரச் சம்பளம் 75 டொலர். கூட்டத்தில் ஒருத்தியாகவும் ஓரிரு விநாடிகள் தோன்றும் பெண்ணாகவும் வந்த அந்த வேடங்களுக்காகத் திரையில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. பயோகிராப் நிறுவனத்தில் தொடங்கிய இடத்துக்கே அவர் திரும்பியிருந்தார். ஒரேயொரு வேறுபாடு, இம்முறை அவர் யார் என்று கேட்டு எவரும் கடிதம் எழுதவில்லை.

எலும்பு மச்சையைத் தாக்கும் அரிய நோயொன்றினால் அவர் துன்புற்றார். 1938ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி, தமது 52ஆவது வயதில், தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1895இல் லூமியர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் பெற்று மக்களுக்கு முதன்முதலாகப் படங்காட்டிய நாளும் ஒரு டிசம்பர் 28தான். சினிமாவுக்கு அன்று வயது நாற்பத்து மூன்று. அதன் முதல் நட்சத்திரங்களுள் ஒருவரான அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஒரு கல்லும் நாட்டப்படவில்லை.

கல்லும் கடதாசியும்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்புதைகுழி பெயரின்றிக் கிடந்தது. 1991இல் ஒரு நடிகர் தமது பெயரை வெளியிடவேண்டாம் என்று கூறி அங்கு ஒரு கல்லை வைப்பித்தார். அவர் பிரித்தானிய நடிகர் ரொடி மெக்டோவல் என்பது பின்னரே தெரியவந்தது. 'பயோகிராப் பெண், முதலாவது திரை நட்சத்திரம்' என்று அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. பிறந்த ஆண்டு மாத்திரம் 1890 என்று பிழையாக இருக்கின்றது. முதலாளியின் பெயரைக் கொண்ட அந்தப் பழைய பட்டம் கல்லறை வரை அவரைத் தொடர்ந்திருக்கிறது.

இவ்வரலாற்றில் இன்னுமொரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1912 வரை திரைப்படத்துக்கெனத் தனியான பதிப்புரிமைச் சட்டம் இருக்கவில்லை. ஆகையால் பயோகிராப் போன்ற நிறுவனங்கள் படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் கடதாசிச் சுருளில் புகைப்படமாகப் பதித்து, புகைப்படம் என்ற வகையில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பதிவு செய்தன. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் படச்சுருள்கள் எரிந்தும் உக்கியும் அழிந்தபோது கடதாசிச் சுருள்கள் தப்பின. பின்னாளில் அவற்றிலிருந்து படங்கள் மீட்கப்பட்டன. இதனால் லோரன்ஸ் பயோகிராப் நிறுவனத்தில் நடித்த படங்களுட் பலவற்றை இன்று பார்க்கமுடிகிறது. அவர் பெயர் பெற்ற பின்னர் நடித்த படங்களிலோ பெரும்பாலானவை கிடைக்கவில்லை.

பெயரை மறைத்த நிறுவனமே முகத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அந்நிறுவனம் காக்க நினைத்தது தன் சொத்தை. அதனோடு சேர்ந்து காக்கப்பட்டவர் அப்பெண். ஏறத்தாழ 300 படங்களில் நடித்த ஒருவரை அறிந்துகொள்ள எஞ்சியிருப்பவை அவையே. அவற்றில் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிடைக்குமாயின், படத்தில் எவருடைய பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு திரையில் வரும் அந்தப் பெண்ணை அவரது பெயரைச் சொல்லியே அடையாளம் காணுங்கள். 1908இல் கடிதம் எழுதிக் காத்திருந்தவர்களுக்கு அது முடியவில்லை.